இதில் இல்லாதவை

நான் ஓய்வு பெற்ற தொழிற்சாலையிலிருந்து போன் வந்தால் இரண்டு காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். யாராவது செத்திருப்பார்கள், அல்லது யாருக்காவது பழைய வரைபடம் ஒன்று கிடைக்காமல் போயிருக்கும். இந்த முறை மூன்றாவதாக ஒரு காரணம் முளைத்தது. ஒரு கம்ப்யூட்டர் தவறான புத்தகத்தைத் திறந்துவிட்டது.

பேசிய அம்மா, உலோகத்தை அழுத்தி வடிவமைக்கும் இயந்திரங்கள் நிற்கும் பிரஸ் ஷாப்பின் பராமரிப்புப் பொறுப்பாளர். பக்கத்து ஆரணியிலிருந்து (பட்டுச்சேலை ஆரணி இல்லை) தினமும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஸ்கூட்டரில் வருகிறவர். ஓர் இயந்திரத்தைத் திறந்து வேலை செய்ய வேண்டுமென்றால் முதலில் பெர்மிட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். "இதைத் திறக்கலாம், யாருக்கும் அடிபடாது" என்று சொல்லும் கையெழுத்து அது. அதைப் போடும் உரிமைக்குத் தேர்வு உண்டு. அந்த அம்மா அதை எழுதி, வாய்மொழிக் கேள்விகளுக்கும் பதில் சொல்லி வாங்கியவர். அதே தேர்வில் மூன்று ஆண்கள் தோற்றார்கள். எண்ணினேன், அதனால் சொல்கிறேன்.

"சார், ஆந்திரா பிரஸ்ஸுல ஆயில் பீச்சிடுச்சு. ஃபிட்டர் மூஞ்சில கண்ணாடி போட்டிருந்தாரு, தப்பிச்சாரு. பெர்மிட்ல என் கையெழுத்து."

"மோட்டாரை நிறுத்தலையா?"

"நிறுத்தினோம். பத்து நிமிஷம் வெயிட்டும் பண்ணோம். ஏஜென்ட் அப்படித்தான் சொல்லுச்சு."

எங்கள் ஊர்ப் பக்கம் ஏஜென்ட் என்றால் மனை விற்கிறவர் அல்லது இன்ஷூரன்ஸ் பிடிக்கிறவர். இது அவர்களில் எவரும் இல்லை. தொழிற்சாலையில் ஏஐ ஏஜென்ட் ஒன்றை வாங்கி டேப்லெட்டில் போட்டிருந்தார்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டால் அதுவே ஆவணங்களைத் தேடி, படித்து, பதில் சொல்லும். ஆந்திரா பிரஸ்ஸை எப்படித் திறப்பது என்று கேட்டதற்கு, மோட்டாரை நிறுத்து, பத்து நிமிடம் காத்திரு, குழாயைக் கழற்று என்றது. தயாரித்த கம்பெனியின் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு எழுத்து பிசகவில்லை.

ஆனால் அந்த பிரஸ் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழசாக வாங்கி வந்தது. வந்ததும் அதன் முதுகில் கூடுதலாக ஓர் உருளையை நாங்களே பொருத்தினோம். எண்ணெயின் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிற உருளை. மோட்டார் செத்த பிறகும் அது உயிரோடு இருக்கும். அதற்கு ஒரு வடிகால் வால்வும், சுவரைப் பார்த்தபடி ஒரு அழுத்தமானியும் உண்டு. இருப்பது தெரிந்தவன்தான் எட்டிப் பார்ப்பான். இதெல்லாம் எங்கள் மாற்றக் குறிப்புகளில் இருக்கிறது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகள். பாதிக்கு மேல் நான் தட்டச்சு செய்தவை. ஏஜென்ட் அந்தப் பக்கமே போகவில்லை.

பொது மேலாளர் மெமோ கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விசாரணை. எல்லோர் முன்னிலையிலும் டேப்லெட்டிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். மறுபடி அதே பதில் வந்தால், நம்பத் தகாததை நம்பியவர் என்று அந்த அம்மாவின் கையெழுத்து உரிமையை எடுத்துவிட்டு ஸ்டோர்ஸ் மேசைக்கு அனுப்புவார்கள். டேப்லெட்டும் அலமாரிக்குப் போகும். அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

"ரிட்டயரான ஆளக் கூப்புடறாங்கன்னா அங்க எவ்ளோ பேஜாருன்னு பாத்துக்கோங்க," என்றார் என் மனைவி. அது ஆறுதலா, கிண்டலா என்று இன்னும் தெரியவில்லை.

நான் இருப்பது வேப்பம்பட்டில். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போவதென்றால் மின்ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரைக்கும் கிழக்கே வந்து, இறங்கி, மாறி, திரும்ப வடக்கே ஏற வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஒரு முழு நகரத்தைச் சொருகி வைத்திருக்கிறார்கள். முழங்கால்கள் இரண்டு, அன்று இரண்டும் வலித்தன.

பராமரிப்பு அலுவலகத்தில் அந்த அம்மா எனக்கு விஷயத்தை விளக்கினார். ஏஜென்ட்டால் ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படித்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு மூன்று தேடல் கருவிகள் கொடுத்திருக்கிறார்கள். டூல் என்கிறார்கள். ஒன்று தயாரிப்பாளர்களின் கையேடுகளில் தேடும். பொறியியல் பிரிவுக்குச் சொந்தம். இன்னொன்று தரப் பிரிவின் ஆவணங்களில் தேடும். மூன்றாவது எங்கள் மாற்றக் குறிப்புகளில். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு விவரக் குறிப்பு உண்டு. கேள்வி வந்ததும் ஏஜென்ட் அந்த மூன்று விவரங்களையும் படித்து, எதைத் திறப்பது என்று முடிவு செய்யும். உள்ளே என்ன இருக்கிறது என்பது திறந்த பிறகுதான் அதற்குத் தெரியும்.

"விவரத்தை எழுதினது யாரு?"

"அந்தந்த டிபார்ட்மெண்ட் தலைவருங்கதான் சார்."

படித்துப் பார்த்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்கிறேன். பொறியியல் பிரிவு: "நிறுவனத்தின் அனைத்து இயந்திரங்களுக்குமான அனைத்துத் தொழில்நுட்பத் தகவல்களையும் அதிவேகமாக வழங்கும் முழுமையான, அதிநவீனக் கருவி." தரப் பிரிவு விடுமா? "அனைத்துப் பிரிவுகளின் அனைத்துத் தேவைகளுக்கும் அனைத்து நேரங்களிலும் உலகத் தரத்திலான பதில்களை..." கடைசிவரை படித்து எண்ணினால் இரண்டிலும் சேர்த்துப் பதினோரு "அனைத்து". ரயில் நிலைய வாசலில் காதுகுத்து விழாவுக்குக் கட்டும் பேனர்கூட இதைவிட அடக்கமாக இருக்கும். இரண்டு தலைவர்களும் கைகூப்பி நிற்கும் படம் மட்டும்தான் இல்லை.

மூன்றாவதுக்கு, அதாவது எங்களுடையதற்கு, தலைவர் யாரும் இல்லை. யாரோ போகிற போக்கில் இரண்டு சொல் எழுதியிருந்தார்கள்: "பழைய குறிப்புகள்."

ஏஜென்ட்டைக் குறை சொல்லி என்ன பயன்? புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவனிடம் இந்த மூன்றையும் கொடுத்து, "பிரஸ்ஸை எப்படித் திறப்பது, போய்ப் பார்த்து வா" என்றால் அவனும் பேனர் கட்டிய வீட்டுக்குத்தான் போவான்.

"இவ்ளோதானா? நான் எழுதிடறேன்," என்றேன்.

எழுதினேன். மாற்றக் குறிப்புகளில் என்னவெல்லாம் உண்டு என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? பிரஸ், ஃபர்னஸ், கிரேன், கம்ப்ரஸர், குழாய்ப் பாதை, மின் இணைப்பு, வரைபடத் திருத்தம் என ஒன்று விடாமல் சேர்த்தேன். இருநூற்றுப் பதினான்கு சொற்கள். எழுதி முடித்ததும் எனக்கே ஒரு நிறைவு. பிரஸ் கேள்வியைக் கேட்டோம். என் குறிப்புகளைத் திறந்தது. பதிலைப் படிக்காமலே நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

அந்த அம்மா சாயவில்லை. வேறொரு கேள்வி கேட்டார்: அளவுக் கருவிகளை எப்போது சரிபார்க்க வேண்டும்? அது தரப் பிரிவின் சமாசாரம். ஏஜென்ட் என் குறிப்புகளைத் திறந்தது. புது கம்ப்ரஸரின் எண்ணெய் எந்த ரகம்? என் குறிப்புகளைத் திறந்தது. கடைசியாக, பாதுகாப்புக் காலணி எங்கே வாங்குவது என்று கேட்டார். அதற்கும் என்னிடமே வந்தது. வந்து, கிரேனின் கால்களுக்குப் போட்ட ரப்பர் பற்றிய குறிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் எதையோ உளறியது.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார். "நீங்களும் பேனர்தான் கட்டியிருக்கீங்க. அவங்கது கலர்ல, உங்களுது பொடி எழுத்துல."

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். டீ வந்தது, குடிக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிகளை எண்ணினேன். நான்கு. ஓடியவை இரண்டு.

அப்போது அந்த ஃபிட்டர் உள்ளே வந்தார். எண்ணெய் பீச்சியது அவர் முகத்தில்தான். என்னைவிடப் பதினெட்டு வயது சிறியவர். நாக்கு மட்டும் எனக்கு மூத்தது.

"இன்னா சார், ரிட்டயரு ஆயும் உட மாட்றீங்களா? ஊட்ல சேத்துக்க மாட்றாங்களா?"

"உன் மூஞ்சியைப் பாக்கத்தான்யா வந்தேன்."

"பாத்துக்கோங்க. ஃப்ரீயா ஆயில் மசாஜ். பளபளன்னு ஆயிட்டேன்." பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். "மேடம், வெள்ளிக்கெழம நானும் வந்து சொல்றேன். நீங்க கையெழுத்து போட்டாதான் நான் கை வெக்கிறேன். வேற எவன் போட்டாலும் ரெண்டு வாட்டி யோசிப்பேன்."

"நீங்க வந்து சொல்றதெல்லாம் வேணாம்ணா. அன்னைக்கு டேப்லெட்ல நீங்க என்ன கேட்டீங்களோ, அதே மாதிரி இப்ப கேளுங்க."

அவர் டேப்லெட்டை வாயருகே வைத்துக்கொண்டு, காது கேளாதவரிடம் பேசுவதுபோலக் கத்தினார்: "ஆந்திரா பிரஸ்ஸ கழட்டணும், இன்னா பண்ணணும்?"

ஏஜென்ட் என் குறிப்புகளைத் திறந்தது, ஆனால் பழைய பத்து நிமிடப் பதிலையே சொன்னது. இங்கேதான் எங்கள் தொழிற்சாலைக்கே உரிய ஒரு கோளாறு இருந்தது. எங்களிடம் எந்த இயந்திரத்தையும் அதன் எண்ணைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எங்கிருந்து வந்ததோ அதுதான் பெயர். ஆந்திரா பிரஸ், வள்ளூர் கிரேன், கப்பல் மோட்டார். மாற்றக் குறிப்புகளிலும் அப்படியே எழுதிவிட்டோம். யாருக்காக எழுதுகிறோம், நமக்காகத்தானே என்று. ஆனால் ஏஜென்ட் படித்த பிள்ளை. தன்னிடம் கொடுத்திருந்த இயந்திரப் பட்டியலைப் பார்த்து, ஆந்திரா பிரஸ் என்பது ஏழாம் எண் பிரஸ் என்று கண்டுபிடித்து, பட்டப்பெயரை நாகரிகமாக நீக்கிவிட்டு, எண்ணை வைத்துத் தேடியது. கையேட்டில் எண் இருந்தது, கிடைத்தது. எங்கள் குறிப்புகளில் எண்ணே கிடையாது, எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே சரியான கதவைத் தட்டினாலும், அந்தக் கதவு திறக்காத பெயரைச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் வெள்ளிக்கிழமைக்குள் திருத்த முடியாது. அந்த அம்மா அதற்குத் தேவையில்லை என்றார். "உள்ள எப்படி எழுதியிருக்குன்னு விவரத்துலயே சொல்லிட்டா போதும் சார். அதுக்குப் புரியும்."

சேர்ந்து எழுதினோம். நான் ஒரு சொல்லைச் சேர்ப்பேன், அவர் அடிப்பார். "பயனுள்ள" என்று போட்டேன். "பயனில்லாததை யாராவது வெப்பாங்களா சார்?" என்று கேட்டு அடித்தார். "விரிவான" போயிற்று. "முக்கியமான" போயிற்று. கடைசியில் நின்றது இது:

"வாங்கிய பிறகு நம் தொழிற்சாலையில் இயந்திரங்களில் செய்த மாற்றங்கள். ஓர் இயந்திரத்தைத் திறப்பது, கழற்றுவது, அழுத்தம் இறக்குவது பற்றிய கேள்விக்குக் கையேட்டோடு இதையும் கட்டாயம் தேடு. இரண்டும் முரண்பட்டால் இதுவே சரி. இதில் இயந்திரங்கள் ஷாப்பில் வழங்கும் பெயரால் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பெயரையும் எண்ணையும் தனித்தனியே தேடு. மாற்றம் செய்யாத இயந்திரங்கள் பற்றி இதில் எதுவும் இல்லை."

ஆங்கிலத்தில் அறுபத்தொரு சொற்கள். என் நிறைவான இருநூற்றுப் பதினான்கில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை.

மறுபடி கேட்டோம். மூன்று முறை கேட்டதில் இரண்டு முறை சரியாக வந்தது. ஒரு முறை தரப் பிரிவின் ஆவணப் பெட்டிக்குள் போய், இயந்திரங்களைத் துடைத்து வைப்பது பற்றிய அறிவுரையைக் கொண்டுவந்தது. அந்த "அனைத்து" அங்கே இருக்கிற வரைக்கும் அது போகத்தான் செய்யும். வெள்ளிக்கிழமை கேட்கப்போவது ஒரே ஒரு முறை.

தரப் பிரிவின் தலைவரைப் பார்க்கப் போனோம். அவர் அறையில் சான்றிதழ்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன, பதினேழு. அவர் பிரிவுக்கு நாங்கள் எழுதிக் கொண்டுபோன விவரத்தில் முதல் வரி, பரிசோதனை முறைகளும் அளவுக் கருவிகளின் சரிபார்ப்பும் இதில் உள்ளன என்றது. இரண்டாவது வரி, இயந்திரத்தைத் திறக்கும் முறை இதில் இல்லை என்றது. அவர் பார்வை இரண்டாவது வரியிலேயே நின்றது.

"என்ன சார் இது? என் டிபார்ட்மெண்ட்ல இல்லைன்னு நானே எழுதித் தரணுமா?"

"இல்லாததைத்தான சார் எழுதியிருக்கு," என்றேன்.

"எந்தக் கடைக்காரனாவது 'இங்கே இது கிடையாது'ன்னு போர்டு வெப்பானா?"

"மருந்துக் கடையில வந்து ஆட்டுக்கால் கேட்டுக்கினே இருந்தா வெப்பாங்க சார்," என்றார் அந்த அம்மா.

அவர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருடமாக எந்தக் கூட்டத்திலும் தன் பிரிவில் ஒன்று இல்லை என்று சொன்னதில்லை என்றார். அது உண்மைதான். நானும் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் "பாத்துடலாம் சார்" என்பார்கள். "இல்லை" என்று சொன்னவனை நான் கண்டதில்லை. "இல்லை" என்பது மரியாதைக் குறைவு, கேட்டவருக்கும் சொன்னவருக்கும்.

அந்த அம்மா டேப்லெட்டை அவர் முன் வைத்தார். "சார், பதிலுக்குக் கீழ ஒரு வரி வருது பாருங்க. எந்தப் பிரிவோட ஆவணத்துலருந்து எடுத்ததுன்னு. பிரஸ்ஸை எப்படித் திறக்கறதுன்னு கேட்டதுக்கு இது உங்க பிரிவு பேரைப் போட்டிருக்கு. எனக்குக் கிடைச்ச மெமோவுல என் பேரு. அடுத்த மெமோவுல எந்தப் பேருன்னு எனக்குத் தெரியல."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "நான் பாத்துட்டு அனுப்பறேன்," என்றார்.

மறுநாள் காலையில் அனுப்பினார். நாங்கள் எழுதியதில் ஒரு "இல்லை" இருந்தது. அவர் அதை ஒன்பது ஆக்கியிருந்தார். அழுத்தம் பற்றி இல்லை, மின்சாரம் பற்றி இல்லை, கிரேன் பற்றி இல்லை, எண்ணெய் பற்றி இல்லவே இல்லை. மதியத்துக்குள் சேதி பொறியியல் பிரிவுக்கும் போய்விட்டது. அவர்களும் பேனரை இறக்கிவிட்டு, தங்கள் பங்குக்கு ஆறு "இல்லை"களோடு வந்தார்கள். நேற்றுவரை அகிலத்தையும் ஆண்டவர்கள், இன்று தங்களிடம் ஒரு திருகாணிகூட இல்லை என்று சத்தியம் செய்தார்கள். இப்படியே விட்டால் ஏஜென்ட் எந்தப் பெட்டியையும் திறக்காது. கெஞ்சி, பேரம் பேசி, தரப் பிரிவில் இரண்டு "இல்லை", பொறியியல் பிரிவில் ஒன்று என்று கொண்டுவந்து நிறுத்தினோம். வியாழக்கிழமை மாலை கேட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் சரியாக வந்தது. இருந்தாலும் அந்த அம்மா நகத்தைக் கடித்துக்கொண்டுதான் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் ஏசி எலும்பைக் கடித்தது. பொது மேலாளர் கேள்வியைத் தானே தட்டினார், பட்டப்பெயரோடு. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தேன். மேசைக்குக் கீழே ஒன்றையொன்று பிடித்திருந்தன.

ஏஜென்ட் கையேட்டைத் திறந்தது. பிறகு மாற்றக் குறிப்புகளையும் திறந்தது. கையேடு சொல்வது பத்து நிமிடக் காத்திருப்பு. ஆனால் இந்த பிரஸ்ஸின் பின்புறம் உங்கள் தொழிற்சாலையில் பொருத்திய உருளை ஒன்று உள்ளது. மோட்டாரை நிறுத்திய பிறகு அதன் வடிகால் வால்வைத் திறந்து, சுவர்ப் பக்கத்து அழுத்தமானி பூஜ்யம் காட்டும்வரை குழாயைத் தொடாதீர்கள் என்றது. கீழே, எங்கள் குறிப்பின் எண்.

பொது மேலாளர் தலையசைக்கவில்லை. எளிதில் தலையசைக்கிறவர் அல்ல. இன்னொரு கேள்வி தட்டினார், இந்த முறை எண்ணோடு: ஐந்தாம் ஃபர்னஸின் உட்செங்கல்லை எப்போது மாற்ற வேண்டும்? அறையில் எனக்கு மட்டும் வியர்த்தது. அந்த ஃபர்னஸின் காகிதம் எதையும் யாரும் கம்ப்யூட்டரில் ஏற்றியதே இல்லை.

ஏஜென்ட் இரண்டு பெட்டிகளைத் தேடியது. இரண்டிலும் இதைப் பற்றி எதுவும் இல்லை. மூன்றாவதில் இருக்க வாய்ப்பில்லை. பராமரிப்புப் பிரிவைக் கேளுங்கள் என்றது.

"தெரியாதுன்னு சொல்லுதே!" என்றார் பொது மேலாளர். அவர் குரலில் கோபத்தைவிட வியப்பு அதிகம். "தெரிஞ்சு சொல்லத்தானே இதை வாங்கினோம்?"

"பாத்துடலாம் சார்" என்று சொல்ல இரண்டு பேர் தயாரானது தெரிந்தது.

"சார்," என்றார் அந்த அம்மா. "அன்னைக்கு இது தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் கையெழுத்து போட்டிருக்க மாட்டேன். எழுந்து போய் பிரஸ்ஸுக்குப் பின்னால பாத்திருப்பேன். தெரிஞ்ச மாதிரி சொன்னதாலதான் பாக்கல. பாக்காதது என் தப்பு. அதுக்கு மெமோ இருக்கட்டும். ஆனா கையெழுத்தை எடுக்காதீங்க."

பொது மேலாளர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு நிமிர்த்தினார். தரப் பிரிவின் தலைவரைப் பார்த்தார். அவர் தன் சான்றிதழ்களைத் தேடுபவர்போலச் சுவரைப் பார்த்தார்.

"அந்த பிரஸ்ஸைத் திறக்கற வேலை இன்னும் முடியலை இல்ல?"

"இல்ல சார். அன்னைக்கே குழாயைத் திரும்ப இறுக்கிட்டு விட்டதுதான், அப்படியே நிக்குது."

"இப்ப பெர்மிட் போடுங்க. நானும் வர்றேன்."

எல்லோரும் ஷாப்புக்கு நடந்தோம். ஃபிட்டர் ஏற்கனவே அங்கே ஸ்பானரோடு நின்றார். மோட்டார் அன்றிலிருந்தே நின்றிருந்தது. வடிகால் வால்வைத் திறக்க அவர் குனிந்தபோது, "நீங்க இந்தப் பக்கம் வாங்கண்ணா," என்று அந்த அம்மாவே சுவருக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவே ஒருக்களித்து நுழைந்தார். எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும் சத்தம் கேட்டது. முள் இறங்கியது, இறங்கி, பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுகொண்டது.

"அது கேஜ் கோளாறு. பழசு. போடுங்க," என்றார் பொது மேலாளர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

"இருக்கலாம் சார். எனக்குத் தெரியாது," என்றார் அந்த அம்மா உள்ளேயிருந்து.

வால்வை இன்னும் கொஞ்சம் திருப்பினார். பொது மேலாளர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். ஃபிட்டர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். குழாய்க்குள் ஏதோ ஒன்று இருமியது. முள் குதித்து, ஆடி, பூஜ்யத்தில் விழுந்தது. அதற்குப் பிறகும் அவர் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, பெர்மிட்டை என் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.